ஓடும்போதே பைக்கில் கரண்ட் போய்ப் போய் வருகிறதா? லூஸ் காண்டாக்ட்டைப் பிடிக்கும் வழி

பள்ளத்தில் இறங்கும்போது மீட்டர் அணைகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் மறுபடி எரிகிறது. சிக்னலில் நின்று செல்ஃப் பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. சாவியை நாலு தடவை போட்டு எடுத்தால் எதுவும் நடக்காதது போல வண்டி கிளம்புகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. "பேட்டரி வீக், மாத்திடுங்க" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில். புது பேட்டரி போட்டு, பத்து நாளில் அதே இடத்தில் அதே பிரச்சினையோடு நிற்பவர்கள் ஏராளம்.

வந்து வந்து போகும் கரண்ட் கோளாறில் பெரும்பாலானவை இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில்தான் இருக்கும். டெர்மினல், ஃபியூஸ் கால், சுவிட்ச் பாயிண்ட், கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) பின், எர்த் போல்ட் என எதுவாகவும் இருக்கலாம். அதனால் கோளாறைக் கண்ணால் பார்க்கும் வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். கீழே உள்ள வரிசையில் போனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் இடத்தைப் பிடித்துவிடலாம்.

1. எது போகிறது, எது நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் செய்யவேண்டிய வேலை இது. காசு செலவில்லை, ஆனால் பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் கரண்ட், மெயின் ஃபியூஸ் வழியாகச் சாவி சுவிட்சுக்குப் போகிறது. அதற்கு அப்புறம்தான் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், எஞ்சின் என்று கிளை பிரிகிறது. திரும்பி வரும் வழி எர்த். எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போனால், எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில்தான் கோளாறு: பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச், மெயின் எர்த். இந்த நான்கைத் தாண்டி வேறெங்கும் முதலில் தேட வேண்டாம்.

டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டியில் இன்னொரு சாட்சியும் உண்டு. மீட்டரில் ஓடும் கடிகாரத்துக்குப் பெரும்பாலும் சாவியைச் சாராமல் நேரடி சப்ளை இருக்கும். கரண்ட் போய் வந்தபின் நேரம் அழிந்து முதலிலிருந்து ஓடினால், சாவி சுவிட்சுக்கு முன்னாலேயே வெட்டு விழுந்திருக்கிறது. பேட்டரி, மெயின் ஃபியூஸ், எர்த் பக்கம் போங்கள். நேரம் சரியாக இருந்தால் சாவி சுவிட்சையும் அதற்கு அப்புறம் உள்ளதையும் பாருங்கள். ஒரு நொடிக்கும் குறைவான வெட்டில் நேரம் அழியாமல் தப்பிவிடவும் கூடும். ஆகவே ஒரே தடவை பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

ஹெட்லைட், ஹாரன் எல்லாம் நன்றாக இருந்து எஞ்சின் மட்டும் நின்றால், அது வேறு கதை. கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், பிளக் வரை போகும் இக்னிஷன் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு அடைத்துக்கொண்டு, ஸ்டாண்டை எடுத்தபின்னும் "இறங்கியிருக்கிறது" என்று எஞ்சினுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

புகைக் கட்டுப்பாட்டு விதியான பி.எஸ்.6 வந்த 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ. வண்டிகள், அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிப்பவை. இவற்றில் கரண்ட் முழுதாகப் போனால் எஞ்சினும் நிற்கும். திரும்பி வரும் நொடியில் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று விநாடி "உய்ங்" என்று ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கே சப்ளை போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் எஞ்சினுக்கான கரண்ட், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து தனியாக வரும். பேட்டரியே இல்லாவிட்டாலும் அவை ஓடும். அதில் லைட்டும் ஹாரனும் போய் எஞ்சின் மட்டும் ஓடினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஃபியூஸ் எரிந்து எரிந்து போகிறது என்றால் அது ஷார்ட். ஃபியூஸ் நன்றாக இருந்தும் கரண்ட் போய் வருகிறது என்றால் அது லூஸ் காண்டாக்ட். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

2. கையில் வேண்டியவை

- டிஜிட்டல் மல்டிமீட்டர். 300 முதல் 800 ரூபாய்க்குள் கிடைப்பதே போதும்.
- டெஸ்ட் லேம்ப். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, முனையில் முதலைக் கிளிப் மாட்டினால் தயார். செலவு 100 ரூபாயைத் தாண்டாது.
- காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, 400-ஆம் நம்பருக்கு மேற்பட்ட உப்புத்தாள், பழைய டூத் பிரஷ்.
- உங்கள் வண்டியின் அதே ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு.
- வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவல். ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர் என்பது அதில்தான் சரியாக இருக்கும்.

டெஸ்ட் லேம்ப் எதற்கு, மல்டிமீட்டர்தான் இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டர் ஒயரிலிருந்து கரண்ட் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று பிடித்துக்கொண்டிருந்தாலும் அது 12.6 வோல்ட் காட்டும். அதே ஒயரில் 21 வாட் பல்பை மாட்டினால் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் ஓட வேண்டும். பிடிமானம் மோசம் என்றால் அப்போது பல்பு மங்கலாம், அல்லது எரியாமலே போகலாம். மீட்டர் காட்டுவதை மட்டும் நம்பி "ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்று விடப்பட்ட வண்டிகள்தான் திரும்பத் திரும்ப ஒர்க்‌ஷாப்புக்கு வருகின்றன. சுமை ஏற்றி அளந்தால்தான் ஒயரின் உண்மை தெரியும்.

3. பேட்டரியும் அதன் டெர்மினலும்

சீட்டையோ சைடு கவரையோ கழற்றுங்கள். சாவி ஆஃப். இரண்டு டெர்மினலையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். துளி அசைந்தாலும் கோளாறு அதுவேயாக இருக்கலாம். பேட்டரி மாற்றும் அவசரத்தில் ஸ்க்ரூவை முக்கால்வாசி இறுக்கிவிட்டுப் போவது சாதாரணம். டெர்மினல் நட்டு உள்ளே சரிந்து, ஸ்க்ரூ இறுகியது போலப் போக்குக் காட்டுவதும் உண்டு.

கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மேலே பெட்ரோல் டேங்க் இருப்பதை மறக்க வேண்டாம். வெள்ளைப் பொடியோ பச்சைப் பூஞ்சையோ படிந்திருந்தால் வெந்நீரும் பிரஷும் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். மாட்டி இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். இறுக்கும் முன் தடவக் கூடாது.

இப்போது அளவு. வண்டி ஓடி நின்று இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற சோதனை. பிறகு செல்ஃபை அழுத்திக்கொண்டே பாருங்கள். 10 வோல்ட்டை ஒட்டி நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. ஒரேயடியாக 3, 4 என்று விழுந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக 12.5-க்கு ஏறினால் பேட்டரிக்குள் செல்களை இணைக்கும் பட்டையே விட்டிருக்கிறது. பேட்டரி மாற்றியே ஆகவேண்டிய கேஸ் அதுதான்.

மீட்டர் முனையைப் பேட்டரியின் ஈயக் காலில் வையுங்கள், ஒயர் முனையில் இருக்கும் வளையத்தில் வேண்டாம். செல்ஃபை அழுத்தும்போது காலில் வைத்தால் 12.5, வளையத்தில் வைத்தால் 8 என்று காட்டினால் பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. இடையில் உள்ள அழுக்குதான் குற்றவாளி.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "சார்ஜ் வருதா" என்று பார்க்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. எஃப்.ஐ. வண்டியில் இதை யாரையும் செய்ய விடாதீர்கள். வோல்டேஜ் சட்டென்று எகிறி எஞ்சின் கம்ப்யூட்டரையே கொன்றுவிடக் கூடும்.

4. எர்த்

மைனஸ் ஒயர் போய்ச் சேரும் போல்ட்டைத் தேடிப் பிடியுங்கள். எஞ்சின் கேசிங்கிலோ சேசிஸிலோ இருக்கும். பெயின்ட் அடித்த வண்டி என்றால் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். அளப்பது சுலபம்: மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸ் காலில், சிவப்பு முனை எஞ்சின் கேசிங்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஹெட்லைட் போட்டுச் செல்ஃபை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் தேய்த்து மாட்டுங்கள். பத்து நிமிட வேலை, செலவு பூஜ்யம்.

5. ஃபியூஸ்

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். மயிரிழை விரிசல் விழுந்த ஃபியூஸ் கையில் நன்றாகவே தெரியும், அதிர்வில் விட்டுவிடும். அதே ஆம்பியரில் புதிது ஒன்றை மாட்டிவிடுங்கள், பத்துப் பதினைந்து ரூபாய்தான்.

ஃபியூஸைவிட அது உட்காரும் இடம்தான் அதிகம் சோதிக்கப்பட வேண்டியது. பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அங்கே பல நாளாகச் சூடு ஏறியிருக்கிறது. புது ஃபியூஸைச் சொருகும்போது இறுக்கமாகப் போக வேண்டும். வழுவழுவென்று போனால் உள்ளே இருக்கும் தகடு பிடிமானத்தை இழந்துவிட்டது. மெல்லிய ஊசியால் தகட்டை நெருக்கிவிடலாம். உருகியிருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள். செல்ஃப் உள்ள பல வண்டிகளில் மெயின் ஃபியூஸ் ஸ்டார்ட்டர் ரிலேயின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) தலையிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தக் கப்ளரைக் கழற்றிப் பார்க்காமல் விட்டவர்கள் பலர். பெரிய ஆம்பியர் ஃபியூஸோ, ஒயர் துண்டோ, சிகரெட் தகடோ வைக்கவே கூடாது. அடுத்த முறை எரிவது வண்டி முழுவதும் ஓடும் ஒயர்க்கட்டான ஒயரிங் கிட்டாக இருக்கும்.

6. சாவி சுவிட்ச்

எல்லாம் ஒன்றாகப் போய், சாவியைத் தொட்டால் வருகிறது என்றால் சந்தேகம் முழுக்க இங்கே. வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி என்று பெரிய கொத்தைத் தொங்கவிட்டு ஓட்டும் வண்டிகளில் சுவிட்ச் சீக்கிரம் தேயும். கொத்து ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உள்ளே பாயிண்ட் உரசுகிறது. தேய்ந்த பாயிண்டில் கார்பன் படிகிறது.

சோதனை: சுவிட்சிலிருந்து இறங்கும் ஒயர் ஹெட்லைட் டூமுக்குள்ளோ டேங்குக்கு அடியிலோ ஒரு கப்ளரில் முடியும். ஹோண்டா, ஹீரோ வண்டிகளில் பொதுவாகச் சிவப்பு பேட்டரியிலிருந்து வருவது, கறுப்பு சுவிட்சைத் தாண்டிப் போவது, பச்சை எர்த். யமஹாவில் சிவப்பு, பழுப்பு, கறுப்பு என்று அதே வரிசை. ஆக, ஒரு கம்பெனியில் எர்த்தாக இருக்கும் நிறம் இன்னொன்றில் சப்ளை! யூடியூபில் வேறு வண்டியைப் பார்த்து நிறத்தை நம்பி ஒயரைச் சேர்க்காதீர்கள். மீட்டரால் உறுதி செய்தபின் தொடுங்கள்.

கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக முனையைச் செருகி, சப்ளை வரும் ஒயருக்கும் வெளியேறும் ஒயருக்கும் நடுவே அளங்கள். சாவி ஆன், ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன் எல்லாம் வேலை செய்யட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சுவிட்ச் கரண்ட்டை விழுங்குகிறது. அப்படியே சாவியை மெல்ல மேலும் கீழும் ஆட்டுங்கள். எண் துள்ளினால் ஆளைப் பிடித்தாகிவிட்டது.

ஒயரின் தோலை ஊசியால் குத்தி அளப்பது வேண்டாம். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, அடுத்த மழைக்காலத்தில் புதுக் கோளாறு முளைக்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால், கப்ளரைப் பிரித்து ஒயரிங் பக்கத்தில் அந்த இரண்டு ஒயரையும் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த துண்டு ஒயரால் சேர்த்து, வீட்டுப் பக்கத்துத் தெருவில் ஓட்டிப் பாருங்கள். கோளாறு வராவிட்டால் சுவிட்ச்தான். இது சோதனைக்கு மட்டும்: சாவியால் வண்டி அணையாது, கில் சுவிட்சாலோ ஃபியூஸைப் பிடுங்கியோதான் அணைக்க வேண்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத மின்பூட்டு) உள்ள வண்டியில் இதைச் செய்ய வேண்டாம்.

தற்காலிகத் தீர்வு, சாவித் துளையில் காண்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை ஆன்-ஆஃப் செய்வது. சில மாதம் ஓடும். எஞ்சின் ஆயில், தேங்காயெண்ணெய் ஊற்றினால் தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும். நிரந்தரத் தீர்வுக்கு, சுவிட்சின் அடிப்பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில மாடல்களுக்குக் கிடைக்கும், சாவி மாறாது, செலவும் குறைவு. இல்லாவிட்டால் முழு லாக் செட். மாடலைப் பொறுத்து 600 முதல் 2,000 ரூபாய் வரை ஆகலாம். டேங்க் மூடியும் சீட் லாக்கும் சேர்ந்த செட்டாக வாங்கினால் ஒரே சாவி.

7. ஹேண்டிலோடு வளையும் ஒயர்

ஒயரிங் கிட் முழுவதிலும் ஓயாமல் வளைந்து நிமிர்வது ஹேண்டில் கழுத்தை ஒட்டிய ஒரு சாண் நீளம்தான். பல வருடத்தில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளித் தோல் புதுசு போலவே இருக்கும்.

டெஸ்ட் லேம்பின் ஒரு கிளிப்பைச் சாவி சுவிட்சைத் தாண்டிய சப்ளையிலும் மற்றதை எர்த்திலும் மாட்டுங்கள். சாவி ஆன். ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் திருப்புங்கள். பிறகு ஒயர்க்கட்டை நாலு விரற்கடைக்கு ஒரு தரம் பிடித்து வளையுங்கள், இழுங்கள். கப்ளர்களைத் தட்டுங்கள். பல்பு சிமிட்டும் இடத்தில் கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. இழை அறுந்த இடத்தில் ஒயர் விரலுக்குத் தொளதொளவென்று படும், இழுத்தால் ரப்பர் போல நீளும். மழையில் மட்டும் வரும் கோளாறு என்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு கப்ளராக நனைத்துப் பல்பைப் பாருங்கள். பிரஷர் வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் தொடங்கிய கோளாறுக்கும் இதே வழி.

ஒட்டுப் போடுவதில் ஒரு விஷயம் கவனியுங்கள். வளையும் இடத்திலேயே ஈயம் பற்றவைத்தால், ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒயர் கம்பியாகிவிடும். அது முடியும் விளிம்பில் சில மாதத்தில் மறுபடி ஒடியும். அறுந்த பகுதியை முழுதாக வெட்டி எடுத்து, அதே தடிமன் ஒயரை இரண்டு பக்கமும் நேராக ஓடும் இடம் வரை நீட்டி, அங்கே ஒட்டுப் போட்டு, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, ஒயர் இழுபடாமல் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்தபின் டை போடுங்கள்.

8. எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எல்லாம் கழற்றுங்கள்

ஃபாக் லைட், அலாரம், மொபைல் சார்ஜர், ஜி.பி.எஸ்., பாட்டு ஹாரன் என எதுவானாலும் ஒரு வாரம் கழற்றிவைத்து ஓட்டிப் பாருங்கள். ஒயரின் தோலைச் சீவி முறுக்கிச் சுற்றிய ஒவ்வொரு ஒட்டும் ஒரு லூஸ் காண்டாக்ட்தான். பல வண்டிகளில் கம்பெனி ஹெட்லைட் 35 வாட், எடுப்பது 3 ஆம்பியர். அங்கே 90 வாட் பல்பு போட்டால் 7.5 ஆம்பியர். சுவிட்சும் கப்ளரும் அதற்குக் கட்டப்பட்டவை அல்ல, உருகும். ஃபாக் லைட் வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே வைத்துப் போடச் சொல்லுங்கள்.

9. சார்ஜிங்

மேலே உள்ளதெல்லாம் சரி, ஆனாலும் லைட் மங்கி மங்கி எரிகிறது, பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால் இங்கே வாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி 4,000 ஆர்.பி.எம். அளவில் பேட்டரி காலில் அளங்கள். 13.8 முதல் 14.8 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட் போய்விட்டது, பல்பும் பேட்டரியும் எரியும் முன் மாற்றுங்கள். 13-ஐத் தொடவில்லை என்றால், காயில் வாங்க ஓடும் முன் காயிலிலிருந்து வரும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். மூன்று மஞ்சள் ஒயர் உள்ள வண்டியில் பின் கறுத்து உருகியிருப்பது மிகச் சாதாரணம். மூன்றுக்குள்ளும் எந்த இரண்டை எடுத்தாலும் ஒரே ஓம் காட்ட வேண்டும். மஞ்சளுக்கும் எர்த்துக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது.

10. ஒர்க்‌ஷாப்பில் விடுவதானால்

வாரண்டி இருக்கும் வண்டியில் நீங்களாக எந்த ஒயரையும் வெட்டாதீர்கள். ஒட்டுப் போட்ட தடம் தெரிந்தால் மின்சாரப் பாகங்களுக்கு வாரண்டி மறுக்கப்படலாம். அளந்து பார்ப்பது, டெர்மினல் இறுக்குவது வரைக்கும் உங்கள் எல்லை.

எடுத்துப்போக வேண்டியவை: ஆர்.சி., சர்வீஸ் புத்தகம், பேட்டரி பில், முத்திரை குத்திய பேட்டரி வாரண்டி கார்டு. பேட்டரிக்குப் பெரும்பாலும் வண்டி வாரண்டியிலிருந்து தனி வாரண்டி. வாங்கிய தேதியும் சீரியல் நம்பரும் கார்டில் எழுதப்படாமல் இருந்தால், க்ளெய்ம் செய்யும்போது வாதாட வேண்டிவரும், வாங்கும் அன்றே எழுதி வாங்குங்கள். புது பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், கேட்டால்தான். லாக் செட் மாற்றினால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸில் எல்லாச் சாவியையும் கேட்பார்கள், சாவி எண் மாறியதற்கு அந்தப் பில்தான் ஆதாரம்.

கோளாறு வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், வண்டியை ஓரமாக நிறுத்தியபின். ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப்பில் வேலை விவரம் எழுதும் சீட்டு) "எலெக்ட்ரிகல் செக்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "இடது பக்கம் ஹேண்டில் திருப்பினால் மீட்டர், ஹெட்லைட், எஞ்சின் மூன்றும் அணைகிறது, கடிகாரம் அழியவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி மெக்கானிக்கை நேராகச் சாவி சுவிட்சுக்கோ ஹேண்டில் ஒயருக்கோ கொண்டுபோகும்.

டெர்மினல், எர்த், ஃபியூஸ் வேலை அரை மணிக்குள் முடியும். சாவி சுவிட்ச் ஒன்றிரண்டு மணி நேரம். ஒயரிங் கிட் மாற்ற டேங்க், சீட், டூம் எல்லாம் கழற்ற வேண்டும், ஒரு நாள் ஆகும். பாகமும் கூலியுமாக ஆயிரக்கணக்கில் போகும். "கிட்டையே மாத்திடலாம்" என்று சொன்னால், எந்த ஒயர் எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் பொருள், சம்மதிக்க வேண்டாம். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்கும்போது, ஒர்க்‌ஷாப் வாசலிலேயே ஹெட்லைட் போட்டு, ஹேண்டிலைப் பத்துத் தடவை இரு கோடிக்கும் திருப்பி, சாவியை ஆட்டி, ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தபின் பணம் கட்டுங்கள்.